மரிக்குச் சூடான தண்ணீர்

தரையில் தேங்கியிருந்த தண்ணீர் சில்லென்று இருந்தது. அதைத் துடைப்பதற்காகக் குனிந்தபோதுதான் பிரிஜெட் இதைக் கவனித்தாள்; கவனித்த பிறகும் நம்பிக்கை வராமல், துணியை ஒதுக்கிவிட்டு மறுபடியும் ஒருமுறை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். கூடத்தில் மீன் தொட்டிக்கு நேர் கீழே, மரத்தாங்கியின் முன்கால்களுக்கு இடையில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு அந்த ஈரம் பரவியிருந்தது. தொட்டி ஒழுகுகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான் நினைத்து, காலையும் மாலையும் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் தொட்டியின் நீர் எப்போதும் இருபத்தொன்பது டிகிரி வெப்பத்தில் இருந்தது; கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும். அதிலிருந்து கசிந்தது ஆறிப்போயிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முயன்றாள். ஆறிய தண்ணீர் தரையின் குளிர்ச்சியை அடையும். தரையை விடக் குளிர்ந்துபோகாது. இது விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுத் தன் மடிக்கணினியின் முன் வந்து அமர்ந்தாள்.

லிங்கராஜபுரத்தின் உட்தெரு ஒன்றில், இருபுறமும் மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்ட இடுக்கில், பகலிலும் விளக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய பழைய தனி வீடு அது. அவளுடைய கணவன் நோயலின் பெரியம்மா ஜோசஃபின், தங்கவயலை விட்டு வந்த காலத்திலிருந்து இந்த வீட்டில் தனியாக வாழ்ந்தவர், பள்ளிக்கூட ஆசிரியை, மணம் செய்துகொள்ளாதவர். அவர் பக்கவாதத்தில் விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவருடைய மீன்களை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. "நீதானேம்மா வீட்ல இருந்து வேல பாக்கற, லேப்டாப் எங்க இருந்தா என்ன?" என்றான் நோயல். பிரிஜெட் பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவள். சரிங்க என்றாள். அவளுக்கு மறுத்துப் பழக்கமில்லை. யார் எதைக் கேட்டாலும், கேட்டவரின் முகம் வாடிவிடுமோ என்ற பயத்தில், கேள்வி முடிவதற்கு முன்பே அவள் வாய் சரிங்க என்று சொல்லிவிடும்.

மருத்துவமனையிலும் அதையேதான் சொன்னாள். நோயல் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிறிய விளக்கொளியில் ஜோசஃபின் ஆன்ட்டியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நல்ல கையால் அவர் பிரிஜெட்டின் மணிக்கட்டைப் பிடித்து, அருகே இழுத்தார்.

"மரி," என்றார். "மரிக்கு... சூடு தண்ணி. தொட்டித் தண்ணி... தெனம். மறக்காத."

"சரிங்க ஆன்ட்டி."

"குளுந்தா... மேல வந்துரும்."

"சரிங்க ஆன்ட்டி. நான் பாத்துக்கறேன்."

பக்கத்துப் படுக்கைக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த செவிலிப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மேடம், மீனு மரியா? நேத்துல இருந்து இதேதான் சொல்றாங்க. எங்க அண்ணா வீட்ல கூட டேங்க் இருக்கு. மரி போட்டுச்சுன்னா அத உயிரோட வெக்கறது இருக்கே, அப்பப்பா!"

இந்த ஊரில் கன்னடம் கலந்து பேசும் தமிழர்களுக்கு நாய்க்குட்டியும் மரிதான், மீன் குஞ்சும் மரிதான். பிரிஜெட்டுக்கு அதில் ஐயம் எழவில்லை. வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தபோது எல்லாம் பொருந்தியும் போயிற்று. தொட்டியில் இருந்தவை ராம் மீன்கள், ஒரு ஜோடி. விரல் நீளமே இருக்கும். மஞ்சள் முகத்தில் கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, உடலெங்கும் நீலப் பொட்டுகள், பெண் மீனின் வயிற்றில் ரோஜா நிறம். பாதாம் இலை ஊறித் தேநீர் நிறமாகிவிட்ட நீரில், ஒரு தட்டைக் கல்லின் மேல் அவை முட்டையிட்டு, குஞ்சுகளும் பொரித்திருந்தன. இமைமுடி போன்ற மெல்லிய உயிர்கள். அவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டு, தொட்டியின் பழைய சூடான நீரையே தினமும் ஊற்றி வந்தாள். ஆன்ட்டி சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்கிறோம் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது.

அந்த நிம்மதிதான் இப்போது, தரையின் ஈரத்தைப் பார்க்கப் பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஆன்ட்டிக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் கடைக்காரர் வெங்கியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணுங்க. தொட்டி ஒழுகற மாதிரி இருக்குதுங்க."

"லெவல் எறங்குதா சிஸ்டர்?"

"இல்லைங்க. வெச்ச இடத்துலயே இருக்கு."

"அப்ப தொட்டி பக்கா. லீக்குன்னா லெவல் எறங்கியே ஆகணும். நீரு வேற எங்கிருந்தோ வருது. டென்ஷன் மாட்கோபேடி, கவலப்படாதீங்க. மீனு எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க."

மீன்கள் நன்றாக இல்லை. வந்த புதிதில் அவளைக் கண்டதும் முன்கண்ணாடிக்கு ஓடிவந்தவை, இப்போது பின்பக்க மூலையில் வடிகட்டியின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தன. நீலம் போய்விட்டது. ஆண் மீன் வெளுத்த காகிதத்தைப்போல் இருந்தது.

"அது பயந்திருக்கு சிஸ்டர். ராம் மீனு ரொம்ப நாசூக்கு. சூடு எறங்கினாலும் ஆகாது, போர் தண்ணி ஊத்தினாலும் ஆகாது, சத்தம் போட்டாலும் ஆகாது. மாமியா வீட்டுக்கு வந்த மாப்ள மாதிரி வெச்சுப் பாக்கணும்." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "யாராச்சும் கண்ணாடியத் தட்டறாங்களா? சின்னப் பசங்க இருந்தா கிட்ட விடாதீங்க."

"இங்க பசங்க யாருமே இல்லைங்க."

"நல்லா பாருங்க. கண்ணாடில கை பட்ட மார்க் இருக்கும்."

பிரிஜெட் பார்த்தாள். அவள் தினமும் துடைக்கும் உயரத்தில் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, தாங்கியின் விளிம்பை ஒட்டி, அவள் மண்டியிட்டால் மட்டுமே முகம் எட்டக்கூடிய உயரத்தில், ஒரு வட்டமான ஈரத்தடம் இருந்தது. அதன் இருபுறமும் அதைவிடச் சிறியவை இரண்டு. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, இரு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, யாரோ வெதுவெதுப்பை வாங்கிக்கொண்டு நின்றதுபோல.

"இருக்கா சிஸ்டர்?"

"இல்லைங்க," என்றாள் பிரிஜெட். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ரொம்ப நன்றிங்க."

நோயல் வேலை முடிந்து, மருத்துவமனைக்கும் போய்விட்டு, இரவு உணவோடு வருவான். அவனிடம் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அவன் வருவதற்குள் அந்தத் தடங்கள் காய்ந்துவிட்டன. காய்ந்த இடத்தில், கண்ணாடியில் சுண்ணாம்புப் படிவுபோல ஒரு வெண்மை மட்டும் எஞ்சியிருந்தது. களைத்து வந்தவனிடம் அதைக் காட்டித் தொல்லை கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஈரம் தொட்டியின் கீழே மட்டும் இருக்கவில்லை. வாசற்கதவின் உட்பக்கத்தில், மிதியடியின் ஓரத்தில் இருந்தது. கூடத்தின் நடுவில் இருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு பெரியவர் எட்டு வைக்கும் தூரத்துக்குக் குறைவாக இருந்தது. அதோடு ஒரு வாடையும் வந்து சேர்ந்தது. அழுகல் நாற்றமோ மீன் வாடையோ அல்ல; நெடுநாள் மூடிக் கிடந்த சிமெண்டுச் சுவரின் பாசியும், துருவும், வெளிச்சமே படாத நீரும் கலந்த ஒரு கனத்த மணம். பிழை திருத்திக்கொண்டிருக்கும்போது அது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அவள் திரும்ப மாட்டாள். தொட்டியைத்தான் பார்ப்பாள். மூலையில் ஒண்டியிருக்கும் ஆண் மீன் மெல்ல வெளியே வந்து, குஞ்சுகள் இருக்கும் டப்பாவின் முன்னால் குறுக்கே நின்று, முதுகுத் துடுப்பின் கறுப்பு முட்களை விரித்துக்கொள்ளும். அந்த வாடை விலகிப் போகும்வரை அது அப்படியே நிற்கும்.

ஒருமுறை, ஈரப் பாதம் தரையிலிருந்து பிரிந்து எழும் மெல்லிய ஓசையை அவள் கேட்டாள். பச்சக். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"யாருங்க?" என்று கேட்டாள். வீட்டில் எவருமே இல்லாதபோதும் மரியாதையோடுதான் கேட்டாள்.

டப்பாவுக்கு முன்னால் நின்ற மீன் துடுப்பை மடக்கவில்லை.

ஒரு நாள் மதியம் திரும்பியதிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாலையில் ஒரு பெரிய இடிச் சத்தத்தோடு மின்சாரம் நின்றுபோனது. காற்றுக் குமிழிகள் எழும்பும் ஓசை சட்டென்று அடங்கியதும், அந்த ஓசை எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பது பிரிஜெட்டுக்குப் புரிந்தது. தொட்டி நீரைச் சூடேற்றும் கருவியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இனி நீரின் சூடு இறங்கத் தொடங்கும். இருபத்தைந்துக்குக் கீழே போனால் இவை தாங்காது என்று வெங்கி முன்பே எச்சரித்திருந்தார். அவள் பாத்திரம் நிறைய நீரைக் கொதிக்க வைத்து, பாட்டில்களில் அடைத்து, தொட்டிக்குள் மிதக்கவிட்டாள். பிறகு கொடியில் கிடந்த துணிகளை எடுப்பதற்காக வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மாவும் மதிலுக்கு அப்பால் துணிதான் எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் தங்கவயல்காரர், ஜோசஃபினோடு ஒரே காலத்தில் இந்தத் தெருவுக்கு வந்தவர்.

"உங்க பக்கமும் கரண்டு போச்சாம்மா?"

"ஆமாங்க. மீனுக்குத்தான் சுடு தண்ணி வெச்சிட்டு இருக்கேன்."

"அப்பாடா, செய்யறியா?" தாயம்மாவின் முகம் மலர்ந்தது. "நானே கேக்கணும்னு இருந்தேன். டீச்சரு ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து சம்புப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லியேன்னு மனசு அடிச்சுக்கிச்சு."

"சம்புங்களா?"

"அதோ, உன் காலுகிட்ட இருக்குதே."

பிரிஜெட் குனிந்து பார்த்தாள். இந்த ஊரில் எல்லா வீடுகளிலும் இருப்பதுதான்: காவேரித் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தரைக்கு அடியில் கட்டிய தொட்டி. வாசற்கதவுக்கும் தெருக் கேட்டுக்கும் நடுவே, போர்டிகோவின் தரையோடு தரையாக, அதன் சதுர இரும்பு மூடி இருந்தது. வீட்டைவிட்டு வெளியேற வேறு வழியில்லை; தினமும் அவள் அதை மிதித்துக்கொண்டுதான் போய்வந்திருக்கிறாள்.

"சாயந்தரமானா தொட்டில இருந்து ஒரு பக்கெட்டு சூடு தண்ணிய மொண்டாந்து, இந்த மூடியத் தொறந்து ஊத்துவாங்க. மழையோ வெயிலோ, ஒரு நாளு தப்பாது. நான் வாய விட்டே கேட்டிருக்கேன், 'ஏன் டீச்சரே, குடிக்கற தண்ணில மீன் தண்ணிய ஊத்தறியே, பேதி புடுங்கினா யாரு பாக்கறது'ன்னு. 'இத யாரும் குடிக்கறதில்ல தாயம்மா, இது மரிக்கு'ன்னாங்க."

பிரிஜெட்டின் கையில் இருந்த துணி ஈரமாக இருப்பதுபோல் தோன்றியது.

"சம்புல மீன் குஞ்சு விட்டிருக்காங்களாங்க?" என்று கேட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் குரல் கெஞ்சியது.

"மீன் குஞ்சா?" தாயம்மா சிரிக்கப் போனவர், பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அய்யோ, உனக்குச் சொல்லலியா? மரிம்மா. மரி ஸ்டெல்லா. நோயல் தம்பியோட கூடப் பொறந்த தங்கச்சி. லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்த கொழந்த. தண்ணி விட்ட நேரத்துல மூடி தொறந்திருந்துச்சு. எட்டிப் பாத்திருக்கு." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எடுத்து, பூசை வெச்சு, கல்லறைத் தோட்டத்துல நல்லபடியாத்தான் அடக்கம் பண்ணாங்க. ஆனா டீச்சரு, அது இன்னும் குளுருதுன்னு அழுவுதுன்னாங்க. நான் சொன்னேன்னு தம்பிகிட்ட சொல்லிடாதம்மா."

முதல் துளிகள் இரும்பு மூடியின் மேல் விழுந்தன. தாயம்மா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பிரிஜெட் அசையாமல் நின்றாள். மரிக்குச் சூடு தண்ணி. தொட்டித் தண்ணி. தினம். மறக்காதே. அவள் ஒரு சொல்லையும் மறக்கவில்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் தவறாகப் புரிந்துகொண்டாள். பிழை திருத்துவதே தொழிலாகக் கொண்டவள். குளிர்ந்தால் மேலே வந்துவிடும். அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த மூடிக்குக் கீழே ஒரு துளி வெந்நீர்கூடப் போகவில்லை.

மழை ஒரேயடியாக இறங்கியது. அவள் உள்ளே ஓடிவந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நோயலை அழைத்தாள். அவன் குரலைச் சுற்றிலும் வண்டிகளின் ஒலிப்பான்கள் கேட்டன.

"அண்டர்பாஸ்ல தண்ணிம்மா, எல்லாம் நிக்குது. நான் வேற வழியா வரேன்."

"என்னங்க, மரி யாருங்க?"

அவன் வண்டியை ஓரங்கட்டும் ஓசை கேட்டது.

"யாரு சொன்னா?"

"இங்க தரையெல்லாம் ஈரமா இருக்குங்க. ஆன்ட்டி சூடு தண்ணி ஊத்தச் சொன்னாங்க, எனக்குப் புரியலைங்க, நான் குஞ்சுக்குன்னு நெனச்சு..."

"பெரியம்மாவுக்கு மனசு சரியில்லன்னுதான் நாங்க எல்லாம் நெனச்சோம். பிரிஜெட், இங்க பாரு. நீ அங்க இருக்காத. தாயம்மா வீட்டுக்குப் போ. இப்பவே போ. நான் வந்துட்டே..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள், போகவில்லை.

தெருக் கேட்டின் பூட்டுச் சாவி தொட்டியின் அருகே ஆணியில் தொங்கியது. அதை எடுத்தாள். எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் கேட்டுக்குப் போக அந்த மூடியைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே ஒரு குழந்தை, அவளுடைய பிழையால் இத்தனை நாள் குளிரில் இருக்கிறது என்று எண்ணியதும், அவளுடைய பழைய வழக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. கேட்டதைச் செய்துவிட்டால் கோபம் தணிந்துவிடும். ஒரே ஒரு வாளி. ஊற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடலாம்.

வாளியைத் தூக்க இரண்டு கைகளும் வேண்டும். சாவியை மீன் தொட்டியின் மூடிமேல் வைத்தாள்.

பாட்டில்களின் சூட்டில் நீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மொண்டாள். மீன்கள் அடித்தரையில் பக்கவாட்டில் ஒடுங்கிக் கிடந்தன; செவுள்கள் மட்டும் வேகமாகத் துடித்தன. மன்னிச்சுக்கோங்க என்று அவற்றிடமும் முணுமுணுத்தாள்.

போர்டிகோவில் கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றது. தெரு வெள்ளம் கேட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. நீருக்குள் கைவிட்டு, மூடியின் வளையத்தைத் தடவிப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தாள். கரகரவென்று ஒரு பக்கமாக நகர்ந்து விழுந்தது. வெள்ளம் அந்தச் சதுரத்துக்குள் சரிந்து இறங்கி, நிரம்பி, மேற்பரப்போடு சமமாயிற்று. பழகிய வாடை முகத்தில் அறைந்தது.

வாளியைக் கவிழ்த்தாள். நீராவி மெல்ல எழுந்து மழையில் கரைந்தது.

"மரி," என்றாள். "மன்னிச்சிடும்மா. எனக்குத் தெரியல."

கைபேசியின் வெளிச்சத்தைக் காட்டினாள். கறுப்பு நீர். அதில் மழைப் புள்ளிகள். வேறு எதுவும் இல்லை.

உள்ளே யாரும் இல்லை.

பச்சக்.

ஓசை அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

கேட்டுக்குப் பாய்ந்தாள். பூட்டு. கைக்குப் பூட்டுதான் வந்தது, சாவி வரவில்லை. ஈட்டி முனைகள் வைத்த உயரமான கேட். தாயம்மாவை அழைத்தாள், மழை அந்தக் குரலை விழுங்கிற்று. இன்னொரு முறை அழைத்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இருட்டு. கையிலிருந்த கைபேசி நழுவித் தண்ணீரில் விழுந்து அணைந்தது.

சாவி தொட்டியின் மேல் இருக்கிறது.

திறந்த சம்பைச் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு, அவள் உள்ளே போனாள்.

மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது. கூடம் வெறுமையாகத்தான் இருந்தது. தொட்டியின் நீர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ அப்போதுதான் கையை வெளியே எடுத்ததுபோல். பாட்டில்கள் மெல்ல ஒன்றோடொன்று மோதின. கண்ணாடியைத் தொட்டாள். சூடு இல்லை. கொதிநீர் பாட்டிலைத் தொட்டாள். அதிலும் இல்லை. எல்லாச் சூட்டையும் எதுவோ குடித்து முடித்திருந்தது.

சாவி. விரல்கள் அதைச் சுற்றி மூடின.

இன்னொரு கையின் சுண்டுவிரலைச் சின்னக் கை ஒன்று பிடித்தது.

அவள் கீழே பார்க்கவில்லை.

"ஆன்ட்டி."

மழை.

"குளுருது ஆன்ட்டி."

ஓடு என்று உடல் முழுவதும் கதறியது. கால்கள் கேட்டன. முழங்கால்கள் கேட்டன. வாய் மட்டும், அந்த வாய் மட்டும், வாழ்நாள் முழுவதும் செய்ததைச் செய்தது.

"சரிம்மா," என்றது.

சோபாவில் உட்கார்ந்தாள். எப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. ஒரு ஈரமான கனம் முழங்காலைப் பற்றி ஏறியது. மடியில் அமர்ந்தது. அவளுடைய தாடைக்குக் கீழே தலையைப் பொருத்திக்கொண்டது. நனைந்த முடி. பாசி மணம். குளிர் அவள் வயிற்றுக்குள் நுழைந்தது, பிறகு விலா எலும்புகளுக்குள், பிறகு பற்களுக்குள். தன் வெப்பம் தன்னைவிட்டுப் போவதை அவளால் உணர முடிந்தது. அவள் கை, அவளைக் கேட்காமலே, அந்தச் சின்ன முதுகைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. மெல்ல. மெல்ல.

மெழுகுவர்த்தி அணைந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கேட் குலுங்கியது.

"பிரிஜெட்! பிரிஜெட், சாவிய எடுத்துட்டு வா!"

நோயல்.

சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. விரல்கள் பிரியவில்லை. இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடுகள் மரத்திருந்தன. காற்றுக்கூட வரவில்லை.

திறந்த கதவின் வழியாக அவன் கைவிளக்கின் ஒளி போர்டிகோவின் மேல் விழுந்தது. கேட்டிலிருந்து வாசற்படிவரை தண்ணீர் வழுவழுப்பாக, சமமாக, ஒரே கறுப்புத் தகடாக நின்றது. எது தரை, எது சதுரம் என்று சொல்ல முடியாது. எங்கும் ஒரே மாதிரி மழைப் புள்ளிகள்.

அவளுக்கு மட்டும் தெரியும்.

வராதீங்க. மூடி திறந்திருக்கு. வராதீங்க.

ஒரு சொல்லும் எழவில்லை.

மடியில் இருந்தது தலையை நிமிர்த்தியது. இப்போது அதன் மூச்சு வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணா," என்றது.

கேட்டின் குலுக்கல் நின்றது.

"மரி?" நோயலின் குரல் ஒரு சிறுவனின் குரலாக இருந்தது.

இரும்பில் காலணி உரசியது. ஈட்டி முனையில் சட்டை கிழிந்தது. இரண்டு கால்களும் தண்ணீரில் இறங்கின. அவன் நிமிர்ந்து, தண்ணீரைப் பார்க்காமல், கீழே எதையும் பார்க்காமல், இருண்ட வாசலையே பார்த்தான்.

பிரிஜெட் முழு உடலாலும் கத்தினாள். அவள் கை அந்த முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"நேரா வா அண்ணா."

நோயல் நேராக வந்தான்.